ஒரு வரிக்கு நாலு படகு

வேணாம், வேணாம், அந்த ஒயர இன்னும் சொருகாதீங்க கமாதா சான். கொஞ்சம் பொறுங்க. அதுக்கில்ல, மெஷின் பழசு பாருங்க. முப்பத்தெட்டு வருஷமா போர்வை சுத்தி அலமாரிக்குள்ள கெடந்தது. திடீர்னு கரண்ட் குடுத்தா உள்ள இருக்கிறதெல்லாம் டப்புனு வெடிச்சிரும். என்னது? போன வாரம் எடுத்துட்டுப் போனப்பவே கழட்டி மாத்திட்டீங்களா? எல்லாத்தையுமா? அடேயப்பா. நான் டி.வி. கடை வச்சிருந்த காலத்துல உங்கள மாதிரி ஒருத்தர் கெடைச்சிருந்தா இன்னும் கடைய மூடியிருக்க மாட்டேன்.

எனக்கா? வயசு எழுபத்தாறு ஆகுது, இனிமே எங்க கடை வைக்கறது. குளிருதா? ஹீட்டர் எரியுதே. ஆரஞ்சு எடுத்துக்கங்க. உரிச்சுத் தரட்டுமா? சரி சரி, நீங்களே உரிச்சுக்கங்க, நான் உரிச்சா சாறெல்லாம் மெஷின் மேல கொட்டிருவேன்.

சனிக்கிழமைதானே கண்காட்சியத் தொறக்கறீங்க? இன்னும் மூணு நாள். அப்ப இது ஓடித்தான் ஆகணுமா? சும்மா கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சா போதாதா? நம்ம துறைமுகத்துல முதல்முதலா வந்த கம்ப்யூட்டர்னு ஒரு அட்டை எழுதி வைங்க, ஜனங்க பாத்துட்டுப் போயிருவாங்க. பள்ளிக்கூடப் பசங்க தொட்டுப் பாக்கணுமா. ம். அதுவும் சரிதான்.

அட்டைன்னதும் ஞாபகம் வருது. நீங்க அனுப்புன அட்டை வாசகத்தப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். இல்ல, எழுத்துப் பிழையெல்லாம் இல்ல. கீழருந்து மூணாவது வரி இருக்கு பாருங்க, ஷோவா அறுபத்தொண்ணு, அதான் எண்பத்தாறு, டிசம்பர் ஒம்பதாம் தேதி விபத்தப் பத்தி. கண்காணிப்பாளரின் கவனக்குறைவால்னு போட்டிருக்கீங்க. பேர் போடல, தெரியும். நீங்க மரியாதையாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இந்த ஊர்ல பேர் போடாட்டியும் எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு வயர்லெஸ் நாற்காலியில உக்காந்திருந்தது என் சம்சாரம். தமாயோ. அந்த மாடத்துல படம் இருக்கே, அவதான். அவ போயி போன மாசத்தோட ரெண்டு வருஷம்.

அய்யோ, எந்திரிச்சுக் கும்பிட வேணாம், உக்காருங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். நீங்க அகிதா டவுன்ல இருந்து வந்தவங்க, மீனவர் சங்கத்துப் பழைய ரிப்போர்ட்ல இருக்கிறதத்தானே எழுதுவீங்க.

சரி, சொருகுங்க. எத்தனை நேரம்தான் தள்ளிப் போடறது. ஆனா எங்க சொருகணும்னு தெரியுமா? அந்தப் பெரிய இருபத்தோரு முள் சாக்கெட் இல்ல, அது ரெண்டாம் தலைமுறை மெஷினுக்கு. அதோ ஜன்னலோரம் இருக்கே வெள்ளை மெஷின், அதுக்கு. அது என்னோடது. இந்தக் கறுப்பு முதல் தலைமுறை. இதுக்கு டி.வி. ஆன்டெனா ஒயருதான். சேனல ரெண்டுல வைங்க. கொஞ்சம் குமிழத் திருகுங்க, இன்னும் கொஞ்சம்... போதும்.

ஆ. வந்திருச்சு.

இல்ல, ஒண்ணுமில்ல. அந்த நீலத்தப் பாத்து நாளாச்சு, அவ்வளவுதான். ஒரு வாய் டீ குடிச்சுக்கறேன்.

இந்த நீலம் இருக்கு பாருங்க, இத மாத்த முடியாது. இதுல மொத்தம் பதினஞ்சு நிறம், கம்பெனிக்காரன் குடுத்ததுதான். கடல் வேணும்னா இந்த நீலத்த வச்சுக்க, இல்லாட்டி சும்மா இருன்னு சொல்லும். அந்த வெள்ளை மெஷின் அப்படி இல்ல. ஐநூத்துச் சொச்சம் நிறத்துல நமக்குப் பிடிச்ச பதினாறப் பொறுக்கி எடுத்துக்கலாம். அத வாங்கின அன்னிக்கு நான் டிசம்பர் கடல் நிறத்தத் தேடித்தேடி வச்சேன், அந்த ஈயம் மாதிரி வருமே, அத. தமாயோ வந்து பாத்துட்டு, ஏங்க, நெசக் கடல்தான் ஜன்னலத் தொறந்தா தெரியுதே, அதுக்கு ஏன் ரெண்டு மாச வருமானத்தக் குடுத்தீங்கன்னு கேட்டா. அவ வாய் அப்படி.

கேசட்டா? இருக்கு. சட்டைப் பையில. காலையில இருந்து இங்கதான் வச்சிருக்கேன். இந்தாங்க. மேல எழுதியிருக்கிறது என் கையெழுத்துதான், படகுப் பலகை, சங்கத்துக்குன்னு. அப்பல்லாம் புரோகிராம் பாட்டு கேசட்லதான் இருக்கும், மெஷினுக்குள்ள ஏறறதுக்கு ஆறேழு நிமிஷம் ஆகும். பழைய நாடா, பாதியில நின்னாலும் நிக்கும். நின்னா நின்னுட்டுப் போகுது. ஓட்டுங்க.

அப்பா, என்ன சத்தம். காதுல ஊசி குத்துற மாதிரி. இல்ல, கொறைக்காதீங்க, இருக்கட்டும்.

அந்த நேரத்துல சொல்லிர்றேன். முன்னாடி சங்கத்துல என்ன பழக்கம் தெரியுமா? செவத்துல பதிமூணு ஆணி. ஒவ்வொரு ஆணியிலயும் மரத்துல ஒரு சின்னப் பட்டை, படகுப் பேர் எழுதி. கடலுக்குப் போறவன் பட்டையத் திருப்பிச் செவப்புப் பக்கம் தெரியற மாதிரி மாட்டிட்டுப் போவான். திரும்பி வந்தா மறுபடி கறுப்புப் பக்கம். வயர்லெஸ்ல உக்காந்திருக்கிறவங்க நிமுந்து பாத்தா போதும், செவப்பு இருந்தா ஆள் வெளிய இருக்கான். எத்தனை வருஷமா நடந்ததுன்னு யாருக்கும் தெரியாது. குடிச்சிட்டு வர்றவன்கூட சொந்த வீட்டுக் கதவ மறப்பானே தவிர பட்டையத் திருப்ப மறக்க மாட்டான்.

அதத்தான் நான் தூக்கச் சொன்னேன்.

ஆமா, நான்தான். நான் யார்கிட்டயும் படிச்சவன் இல்ல. மாசப் பத்திரிகையில வர்ற புரோகிராம வரி வரியா அடிச்சு அடிச்சுக் கத்துக்கிட்டவன். ரெண்டாம் தலைமுறை மெஷின் வந்ததும், கடையில விக்காமக் கெடந்த இந்த முதல் தலைமுறை மெஷின சங்கத்துக்குச் சும்மாவே குடுத்தேன். புரோகிராமும் நானே எழுதினேன். திரையில கரை, துறைமுகம், மூணு படகு மேடை, ஒவ்வொரு மேடையிலயும் குறுக்க வரிசையா நாலு படகு. இடது பக்கம் முழுக்கக் கடல். வயர்லெஸ்ல எங்க இருக்கேன்னு சொன்னா, படகு நம்பரையும் எடத்தையும் தட்டணும், குட்டிப் படகு அங்க போய் நிக்கும். சங்கத் தலைவர் பாத்துட்டு, ஒகுயாமா, நீ இந்த ஊர்ல பொறக்க வேண்டியவனே இல்லடான்னாரு. அன்னிக்கே பட்டைகள எல்லாம் கழட்டி ஒரு மீன் பொட்டியில போட்டுட்டாங்க. தமாயோ மட்டும், அதுவும் ஒரு பக்கம் தொங்கட்டுமேன்னா. என்னடி, வாள் தூக்கிட்டுத் திரிஞ்ச காலத்துலயே இருக்கியான்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா.

சத்தம் மாறுது... இல்ல, ஓடுது. ஓடுதுல்ல?

பதிமூணு ஆணின்னேன், மேடையில பன்னெண்டு படகுக்குத்தான் எடம். பதிமூணாவது ககாயாவோடது. ககாயா தோகுஜி. இருபத்தாறு வயசு, புதுசா சேந்தவன். அவன் படகக் கட்ட எடம் கெடையாது, ஐஸ் கொட்டகைக்குப் பின்னாடி மணல்ல இழுத்துப் போட்டுக்குவான். அதனால அவன் கரை ஏறிட்டா அவன் படகத் திரையில இருந்தே எடுத்துருவோம். அப்படித்தான் நான் எழுதினேன். கடல்ல இல்லன்னா வீட்டுல இருக்கான்.

அன்னிக்குக் காலையில காத்து சரியில்ல. நடு மேடைக்காரங்க நாலு பேரும் போகல. மத்தவங்க வடக்க போனாங்க, ககாயாவும் போனான். பத்து மணி வாக்குல இடி. டிசம்பர்ல இடி இடிச்சா ஹதாஹதா மீன் கரைக்கு ஏறும், உங்களுக்குத் தெரியாததா. ககாயா வயர்லெஸ்ல கூப்பிட்டு, துறைமுக வாய்க்கு நேரா பாறைகிட்ட வந்துட்டேன், மீன் கொட்டுதுன்னு சொல்லியிருக்கான். அப்ப வயர்லெஸ்ல முந்தின முறைக்காரன் குதோ உக்காந்திருந்தான். எடத்தத் தட்டினான். தட்டிட்டுத் திரையப் பாக்கல, டீ ஊத்தப் போயிட்டான். பதினோரு மணிக்குத் தமாயோ மாத்திக்கிட்டா. வடக்க இருந்த மத்தவங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க, அவ ஒவ்வொண்ணாத் தட்டினா. பதினொன்னே முக்காலுக்குப் பனியும் காத்துமா சேந்து அடிச்சுச்சு, கை நீட்டுனா கை தெரியல. தலைவர் போன் பண்ணி, தமாயோ சான், யாராச்சும் வெளிய இருக்காங்களான்னாரு. அவ பாத்தா. கடல் காலி. எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொன்னா. சங்கு ஊதல. வெளக்குப் போடல. ஆளுங்க சாப்பிடப் போயிட்டாங்க.

மூணு மணிக்குப் பாத்தா ககாயாவோட படகு கவுந்து கெடந்தது. துறைமுக வாயில இருந்து நானூறு மீட்டர். அவன மறுநாள்தான் எடுத்தாங்க.

தண்ணி... இல்ல, டீயே போதும். நாடா எங்க வந்திருக்கு? பாதி தாண்டியிருச்சா? சரி.

அதுக்கப்பறம் என்ன, கூட்டம் போட்டாங்க. குதோ, நான் தட்டினேன்னு சாமி மேல சத்தியம் பண்ணான். தமாயோ, திரையில இல்லன்னா. திரும்பத் திரும்ப அதையே சொன்னா, திரையில இல்ல, கடல் காலியா இருந்துச்சுன்னு. ககாயாவோட அம்மா ஒரு மூலையில உக்காந்து அவளையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்ப தலைவர் என்னக் கேட்டாரு. ஒகுயாமா, நீதான செஞ்ச, ஒருத்தர் தட்டுன படகு காணாமப் போகுமான்னு.

நான் வீட்டுக்கு ஓடி வந்து வெள்ளை மெஷின்ல போட்டுப் பாத்தேன். நடு மேடையில நாலு படகு. நேரா கடல்ல பதிமூணாம் படகு. அஞ்சும் தெரிஞ்சுது, பளிச்சுனு. திரும்பிப் போய் எல்லார் முன்னாடியும் சொன்னேன், மெஷின்ல தப்பு இல்ல, படகு காணாமப் போக வழியே இல்லன்னு.

ஆமா. பொண்டாட்டியப் பக்கத்துல வச்சுக்கிட்டு.

இல்ல, அன்னிக்கு நான் பொய் சொல்லல கமாதா சான். அன்னிக்கு நெஜமா அப்படித்தான் நெனச்சேன். அவ ஒரு நிமிஷம் கண்ணசந்திருப்பான்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்தப்பறம் அவ சோறு வச்சா. சாப்பிட்டு முடிச்சதும் மெதுவா, அப்ப நான் பாத்தும் பாக்காம இருந்திருக்கேனா, அப்படி ஆகுமான்னு கேட்டா. களைப்புல ஆகும்னு சொன்னேன்.

நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க. மூஞ்சி மாறிப் போச்சு. உங்களுக்குத் தெரியும், இல்ல? இந்த மெஷினப் பிரிச்சு மேஞ்சவங்களாச்சே, தெரியாம இருக்குமா. சொல்லாதீங்க. நானே சொல்றேன். யாருகிட்டயும் இத வாயால சொன்னதில்ல.

புது வருஷத்துக்குக் கடை மூணு நாள் லீவு. மூணாம் தேதி மத்தியானம் பத்திரிகையப் பொரட்டிக்கிட்டிருந்தேன். வாசகர் கேள்வியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, என் விளையாட்டுல அரக்கனுங்க அஞ்சு பேர் ஒரே வரிசையில வந்தா ஒருத்தன் மறைஞ்சு போறான், என்ன கோளாறுன்னு. பதில் நாலே வரி. கோளாறு இல்ல. முதல் தலைமுறை மெஷின்ல திரையில குறுக்க ஒரே வரியில நாலு உருவம்தான் தெரியும். அஞ்சாவது வந்தா, நம்பர்ல கடைசியா இருக்கிறத விட்டுரும். ரெண்டாம் தலைமுறையில எட்டு வரைக்கும் தாங்கும்.

அவ்வளவுதான்.

நடு மேடையில அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு கட்டியிருந்துச்சு. அதே வரியில, நேரா எதுக்க, பதிமூணு. வீட்டுல நான் புது மெஷினோட நாலாம் திரையில எழுதினேன், திரைன்னா படம் வரையற முறை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். சங்கத்து மெஷின்ல நாலாம் திரை கெடையாது, ரெண்டாம் திரைதான். அதனால கேசட்ல ஏத்தறப்ப அந்த ஒரு எண்ண மட்டும் நாலுக்குப் பதில் ரெண்டுன்னு மாத்தினேன். படம் அப்படியே வந்துச்சு. நிறம்தான் கொஞ்சம் மட்டம். வேற வித்தியாசம் இருக்கும்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிக் குடுக்கலயே. நானும் யாரையும் கேக்கல.

அந்த எண்ண மாத்தி ஓட்டியிருந்தா வீட்டுலயே தெரிஞ்சிருக்கும். அந்த மூணாம் தேதியும் மாத்திப் பாக்கல. விரல அந்த எண்ணு மேல வச்சேன், வச்சபடியே அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். அடுப்படியில தமாயோ அரிசி களையற சத்தம் கேட்டுச்சு. மெஷின அணைச்சிட்டேன். பத்திரிகைய எரிச்சிட்டேன். நாலாம் தேதி காலையில சங்கத்துக்குப் போய், இது பழைய மாடல், ஜனங்களுக்கும் இதப் பாத்தா சங்கடமா இருக்கும், நான் எடுத்துக்கறேன்னு சொன்னேன். தலைவர் என் தோள்ல தட்டிக் குடுத்தாரு. நல்ல மனுஷன்டா நீன்னாரு. மறுபடி பட்டைகள மாட்டிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் தொங்குது, போறப்ப பாருங்க.

ஏன் சொல்லலன்னா கேக்கறீங்க? பயம். வேற என்ன. ஒரு வாரம் கழிச்சுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்பறம் ஒரு வாரம் ஏன் சொல்லலன்னு கேப்பாங்களேன்னு பயம். அப்பறம் ஒரு வருஷம். தமாயோ சங்கத்து வேலைய விட்டுட்டா. புகை போட்ட முள்ளங்கி ஊறுகாய் போடற எடத்துல இருபது வருஷம் நின்னா. ஹதாஹதா மீன அப்பறம் இந்த வீட்டுல சமைக்கவே இல்ல. ஒவ்வொரு டிசம்பர் ஒம்பதுக்கும் ககாயா வீட்டு வாசலுக்குப் போய்த் தலை குனிஞ்சு நிப்பா. அந்தம்மா கதவத் தொறக்கவே மாட்டாங்க. அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வருவா. நானும் கூடப் போவேன். கொடை பிடிக்க.

ஆஸ்பத்திரியில கடைசியா, பேச்சு கொளறிப் போன நேரத்துல, என் கையப் பிடிச்சு எண்ணிக்கிட்டே இருந்தா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மறுபடி ஒண்ணு, ரெண்டு. நர்ஸ் என்ன எண்ணறாங்கன்னு கேட்டுச்சு. மருந்து வேகத்துல எண்ணறான்னு சொல்லிட்டேன்.

சத்தம் நின்னுருச்சு.

ஏறிருச்சா? முழுசாவா? பிழைன்னு எதுவும் வரலயா?

ம்.

நான் இப்படி ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. என்னால பாக்க முடியாது. நீங்க ஓட்டுங்க. அந்த அஞ்சாம் பொத்தான். கரை வந்திருச்சா? மூணு மேடை? மேல் மேடை, கீழ் மேடை, எல்லாம் சரியா இருக்கா? நடு மேடையில நாலு கட்டியிருக்கா? இப்ப பதிமூணுன்னு தட்டுங்க. எடம் கேக்கும். நடு வரி, கரையில இருந்து ரெண்டாவது கட்டம். பாறை அங்கதான். தட்டியாச்சா?

கமாதா சான், கடல்ல என்ன தெரியுது?

இன்னொரு தடவை பாருங்க. கிட்டப் போய்ப் பாருங்க.

ஒண்ணுமே இல்லையா.

அதேதாங்க. அதத்தான் அவளும் சொன்னா, கடல் காலின்னு.

இல்ல, அழல. இருங்க, அந்த அட்டைக் காகிதத்த எடுங்க, பேனா இருக்கா? அந்த வரிய அடிச்சிருங்க. கண்காணிப்பாளர் சரியாப் பாத்தாங்கன்னு எழுதுங்க. புரோகிராம் எழுதினவனுக்கு நாலு வாரத்துக்குள்ள தெரிஞ்சும் சொல்லலன்னு எழுதுங்க. பேர் போடுங்க, ஒகுயாமா கத்சுமி. கண்டிப்பாப் போடணும். சனிக்கிழமை ககாயாவோட அக்கா வர்றாங்கன்னீங்களே, பதிமூண நானே தட்டிக் காட்டறேன். அவங்க என்ன செஞ்சாலும் சரி. பயமாத்தான் இருக்கு.

அய்யோ, அணைக்காதீங்க, அணைக்காதீங்க. நீங்க மட்டும் கொஞ்சம் எந்திரிங்க. திரை முன்னாடி, அவ உக்காந்த மாதிரி உக்காந்து நானும் ஒரு தடவை பாக்கறேன்.